ரிப்பேர் மோடுக்கே போகாத கணினி: ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

கேள்வி, 2025 அக்டோபர் 17, வெள்ளி இரவு 9.20

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் அலுவலகக் கணினி (விண்டோஸ் 11, எஸ்எஸ்டி என்ற சுழலாத சிப் டிஸ்க், 2022இல் வாங்கியது) நேற்றிலிருந்து ஓடவில்லை. வட்டம் சுற்றுகிறது, நீலத் திரை வருகிறது, தானாகவே திரும்பவும் தொடங்குகிறது. எஃப்8 தட்டிப் பார்த்தோம், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டும் பார்த்தோம், ரிப்பேர் மோடுக்கே போக மாட்டேன் என்கிறது. பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, "ரிப்பேர் மோடே வரலைன்னா டிஸ்க் போச்சு, ஃபார்மேட் போட்டுப் பார்ப்போம்" என்றார்கள். மரண சகாய நிதி உறுப்பினர் கணக்கு, தோட்டத்துப் பழைய படங்களை ஸ்கேன் செய்தது எல்லாம் அதில்தான். திங்கட்கிழமை தீபாவளி. கடைக்காரர் சொல்வது சரிதானா, அண்ணே?

பதில், அக்டோபர் 17, இரவு 10.05

சரியில்லை. ஃபார்மேட் போட விடாதீர்கள், தங்கச்சி, அது டிஸ்கையே துடைத்துவிடுவது. கணினியைக் கடையில் விட்டிருந்தால் காலையில் முதல் வேலையாகப் போய் எடுத்து வந்துவிடுங்கள்.

ரிப்பேர் மோடு என்பது அதே டிஸ்கின் ஒரு மூலையில் இருக்கும் சின்ன விண்டோஸ். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி ஏற்பாடுதான். அது வரவில்லை என்றால் டிஸ்க் செத்திருக்கலாம். ஆனால் வேறு காரணங்களும் உண்டு: அதைக் கூப்பிடும் வழி தப்பாக இருக்கலாம், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அதன் கோப்பு கெட்டிருக்கலாம், வந்த பிறகு கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம், வந்தும் டிஸ்கைப் பார்க்க முடியாமல் இருக்கலாம். இதில் டிஸ்க் செத்தது ஒன்றுதான் தரவைக் கொண்டுபோவது. மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கணக்கும் படங்களும் அப்படியே உள்ளே இருக்கும்.

அதனால் முதலில் ஒன்று பாருங்கள். கணினியின் பவரைத் தட்டியதும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போங்கள். அங்கே டிஸ்கின் பெயரும் அளவும் தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நீலத் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு நிறுத்தக் குறி வரும், அதையும் படம் பிடித்துப் போடுங்கள்.

அக்டோபர் 17, இரவு 10.30

எஃப்8 பற்றி. விண்டோஸ் 7 வரைக்கும் அது வேலை செய்தது. விண்டோஸ் 8இலிருந்து இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள், எவ்வளவு தட்டினாலும் வராது. ஷிஃப்ட் வழியும் விண்டோஸ் திரை வந்த பிறகு, 'மறுதொடக்கம்' என்பதை ஷிஃப்டோடு அழுத்தினால்தான். எழும்பாத கணினியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை.

எழும்பாத கணினிக்கு உள்ள வழி: பவர் பொத்தானை அழுத்தி, விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கியதும் அதே பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். திரும்பவும் அப்படியே செய்யுங்கள். அடுத்த முறை தானாகவே ரிப்பேர் பக்கம் போகும். இரண்டு முறை தொடர்ந்து தொடங்க முடியாமல் போனால் அங்கே போ என்பதுதான் விண்டோஸின் ஏற்பாடு.

அக்டோபர் 18, சனி காலை 7.40

இரவு எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று சதவீதம் ஓடினால் பவரை இப்படி வெட்டக் கூடாது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டாலும் கூடாது. சத்தம் போடும் டிஸ்கை ஒவ்வொரு முறை ஓட்டுவதும் அதன் மிச்ச ஆயுளைச் செலவழிப்பதுதான். உங்களுடையது எஸ்எஸ்டி என்பதால் அந்தப் பயம் இல்லை.

அக்டோபர் 18, மதியம் 1.15

படங்களைப் பார்த்தேன். டிஸ்க் பயாஸில் தெரிகிறது, 512 ஜிபி. நல்ல சேதி.

நிறுத்தக் குறி 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்'. விண்டோஸ் ஏறத் தொடங்கிப் பாதி வழியில் தன் டிஸ்கையே தொலைத்துவிட்டது என்று அர்த்தம். பயாஸ் டிஸ்கைப் பார்க்கிறது, விண்டோஸால் பார்க்க முடியவில்லை. இந்த முரணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இரண்டாவது சேதி: பவரை அணைத்துப் போட்டதில் ரிப்பேர் திரை வந்துவிட்டது, ஆனால் 'கீபோர்டு வகையைத் தேர்ந்தெடு' என்ற இடத்தில் கீபோர்டும் மவுசும் செத்துக் கிடக்கின்றன. பயாஸில் அதே கீபோர்டு நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கீபோர்டில் குறையில்லை. இந்த 14ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 மாத அப்டேட்டுக்கு (கேபி5066835) பிறகு ரிப்பேர் மோடுக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யாது என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. 24எச்2, 25எச்2 இரண்டு பதிப்புகளிலும். விண்டோஸுக்குள் இருக்கும்போது எல்லாம் சரியாக ஓடுவதால், கணினி படுக்கும் வரை யாருக்கும் இது தெரியவே வராது. கோயில் கணினி வியாழக்கிழமை படுத்திருக்கிறது, தேதியும் ஒத்துப்போகிறது.

கணினியின் முதுகில் வட்டமான துளை, பாதி ஊதா பாதி பச்சையாக இருக்கிறதா பாருங்கள். அது பிஎஸ்2 துளை. பழைய பிஎஸ்2 கீபோர்டு யாரிடமாவது கிடைத்தால் அதை மாட்டினால் ரிப்பேர் மோடில் ஓடும். கணினியை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அக்டோபர் 18, மாலை 6.50

பிஎஸ்2 கீபோர்டு கிடைக்கவில்லையா, சரி. பென்டிரைவ் வழிக்குப் போவோம். எனக்கு எப்போதும் பிடித்த வழியும் இதுதான், உள்ளே இருக்கும் ரிப்பேர் மோடு எந்த நிலையில் இருந்தாலும் கவலையில்லை.

8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், கல்யாணப் படம் உள்ள பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்குப் போய் விண்டோஸ் 11 மீடியா கிரியேஷன் டூலை (பென்டிரைவைத் தயார் செய்யும் கருவி) இறக்குங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கும் அண்ணன் மகனின் மடிக்கணினி விண்டோஸ் 10 என்றீர்கள். அந்தக் கருவியின் 2025 செப்டம்பர் பதிப்பு விண்டோஸ் 10இல் திறந்த வேகத்தில் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. இதுவும் அறிவிக்கப்பட்ட குறைதான், தம்பி மடிக்கணினியைத் திட்ட வேண்டாம். அதே பக்கத்தில் கீழே ஐஎஸ்ஓ கோப்பாக (நிறுவும் வட்டு முழுவதும் ஒரே கோப்பில்) இறக்கும் வழி இருக்கிறது. அதை இறக்கி ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றுங்கள். கோப்பு பெரியது, வீட்டு இணையத்தில் இரவு விட்டுவிட்டுப் படுத்துவிடலாம்.

அக்டோபர் 18, இரவு 11.10

இடையில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: ஃபார்மேட் போட்டாலும் மென்பொருள் வைத்து மீட்டுவிடலாமே, எதற்கு இவ்வளவு பயம்?

தம்பி, அது பழைய ஹார்டு டிஸ்கின் காலத்துப் பேச்சு. அங்கே விரைவு ஃபார்மேட் என்பது பட்டியலை மட்டும் அழிக்கும், தரவு மேலே வேறு எழுதும் வரை கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒன்று உண்டு. இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் தானாகவே அந்த இடங்களைத் துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் வராது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. பெரியவர் பால்மரம் வெட்டியவர், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி. அவர் காலத்துத் தோட்டம் இப்போது செம்பனையும் வீடுகளுமாக மாறிவிட்டது. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டுக் களம் (காலையில் பேர் கூப்பிடும் இடம்), ஆயா கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தீமிதித் திருவிழா எல்லாம் அவரிடம் படமாக இருந்தன. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்ததற்கான பழைய சீட்டும் இருந்தது. மகன் அத்தனையையும் ஸ்கேன் செய்தார். அதற்குப் பிறகு வெள்ளம் வந்து காகிதம் எல்லாம் போய்விட்டது, கணினியில் இருந்ததுதான் மிச்சம். அந்தக் கணினி ஒரு நாள் எழும்பவில்லை, ஒரு கடையில் யாரையும் கேட்காமல் ஃபார்மேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கணினி புதுசு மாதிரி ஓடுகிறது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். என்னிடம் கொண்டுவந்தபோது ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், ஒரு லயத்துப் படம்கூட வரவில்லை. பெரியவரிடம் அதைச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது.

அதனால்தான் தங்கச்சியிடம் கடையிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். விண்டோஸைத் திரும்பப் போட ஒரு மாலை போதும். அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க அந்தத் தோட்டமே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு காலை 10.20

பென்டிரைவிலிருந்து எழும்பிவிட்டது, கீபோர்டும் ஓடுகிறது. நல்லது. 'நிறுவு' என்ற பக்கம் போகவே போகாதீர்கள். ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புக் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட் (டிஸ்குகளைக் கையாளும் கட்டளை) என்று ஆங்கிலத்தில் தட்டி உள்ளே போய் 'லிஸ்ட் டிஸ்க்' என்று டிஸ்க் பட்டியலைக் கேளுங்கள்.

அக்டோபர் 19, காலை 11.00

பட்டியலில் பென்டிரைவ் மட்டும்தானா. இதைத்தான் எதிர்பார்த்தேன். கடைக்காரரும் இந்த இடத்துக்கு வந்திருந்தால் டிஸ்க் போச்சு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் பயாஸுக்கு டிஸ்க் தெரிகிறதே, அதை மறக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி: பயாஸில் தேதி என்ன காட்டுகிறது?

அக்டோபர் 19, காலை 11.25

2022 ஜனவரி 1. கிடைத்துவிட்டது, தங்கச்சி.

மதர்போர்டில் ஐம்பது சென் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள், 3 வோல்ட். பவர் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்ததும் தேதி பின்னால் போய்விட்டது. பல போர்டுகளில் அதோடு பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்கே திரும்பிவிடும். அந்த அமைப்புகளில் ஒன்று விஎம்டி. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல கணினிகளில் இது உண்டு, உங்களுடையது 12ஆம் தலைமுறை. விஎம்டி போட்டிருந்தால் டிஸ்க் ஒரு கட்டுப்பாட்டுக்குப் பின்னால் போய்விடும், இன்டெல்லின் தனி டிரைவர் இல்லாத விண்டோஸுக்கு அது தெரியாது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலும் அந்த டிரைவர் கிடையாது. 2022இல் விண்டோஸ் போட்டவர் அதனால்தான் விஎம்டியை அணைத்துவிட்டுப் போட்டிருப்பார். பேட்டரி போனதும் அது மறுபடி போட்ட நிலைக்கு வந்துவிட்டது. விண்டோஸுக்கு டிஸ்க் மறைந்தது, நீலத் திரை வந்தது, ரிப்பேர் மோடு எழும்பியது, அங்கே கீபோர்டு செத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறைகள் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன.

செய்ய வேண்டியது: பயாஸில் விஎம்டி கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடி அணைத்துச் சேமியுங்கள். உங்களுடையது போல ஒற்றை டிஸ்க் கணினியில் இந்த மாற்றம் டிஸ்கில் எதையும் எழுதாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இரண்டு மூன்று டிஸ்கைச் சேர்த்து ரெய்டு அமைத்திருந்தால் அந்த வரியில் கை வைக்காதீர்கள்.

சேமித்ததும் உடனே விண்டோஸுக்குள் போக வேண்டாம். முதலில் பென்டிரைவிலிருந்தே எழுப்புங்கள். தரவை வெளியே எடுத்த பிறகுதான் மற்றது.

அக்டோபர் 19, மதியம் 12.10

எடுக்கும் விதம். கட்டளைத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், எழுதும் பெட்டி திறக்கும். அதில் ஃபைல், ஓபன் போய் கீழே 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினால் அந்தச் சின்னச் சன்னலிலேயே டிஸ்கின் கோப்புறைகள் தெரியும். வலது பொத்தானில் காப்பி, இன்னொரு பென்டிரைவுக்குள் பேஸ்ட். நகல் எடுக்கும்போது ஓடும் பட்டை எதுவும் தெரியாது, திரை உறைந்த மாதிரி இருக்கும், பொறுத்திருங்கள். சி டிரைவ் இங்கே டி என்றோ ஈ என்றோ பெயர் மாறி நிற்கலாம். யூசர்ஸ் கோப்புறை இருக்கும் டிரைவ்தான் உங்களுடையது.

முதலில் மரண சகாய நிதிக் கணக்கு, அப்புறம் படங்கள். பாட்டுகள் எல்லாம் கடைசியில்.

அக்டோபர் 19, இரவு 8.35

பேட்டரி மூன்றே வருடத்தில் எப்படித் தீரும் என்று ஓர் ஐயா கேட்கிறார். நம் ஊரில் தீரும், ஐயா. கணினி சுவரில் மாட்டி சுவிட்ச் போட்டிருக்கும் வரை, அணைத்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், பட்டன் பேட்டரிக்கு வேலை இல்லை. சுவரிலேயே அணைத்துவிட்டால் முழுச் சுமையும் பேட்டரி மேல் விழும். சுவரில் மாட்டாமல் வைத்தால் மூன்று வருடம் வரும் என்று மதர்போர்டு கையேடுகளிலேயே போட்டிருக்கும். நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி இடித்தால் எல்லோரும் முதலில் செய்வது சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குவதுதான். கோயில் அலுவலகம் வாரத்தில் சில நாள்தான் திறக்கும், பூட்டும்போது சுவர் சுவிட்ச் எல்லாம் அணைக்கப்படும். அப்படியென்றால் அந்தப் பேட்டரி வாங்கிய நாளிலிருந்து தனியாகத்தான் உழைத்திருக்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி, காலை 9.00

விண்டோஸ் எழும்பிவிட்டதாம்! ஒரு கோப்பும் போகவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்த முதல் சேதி இது, மனசு நிறைந்துவிட்டது.

பேட்டரி மாற்றும் வரை கணினியைச் சுவரில் அணைக்காதீர்கள், அணைத்தால் விஎம்டி மறுபடி திரும்பிவிடும். பேட்டரி சில வெள்ளிதான், ஆனால் இன்றைக்குக் கடை இருக்காது.

அக்டோபர் 21, இரவு 9.45

கீபோர்டு பிரச்சினைக்குத் தனியாக ஓர் அவசர அப்டேட் வந்துவிட்டது, கேபி5070773. ஓடிக்கொண்டிருக்கும் கணினி உள்ளவர்கள் எல்லோரும் இன்றே போட்டுவிடுங்கள். படுத்த பிறகு இதைப் போட வழியில்லை.

எழும்பும் கோப்புகளைப் பழுது பார்க்கும் பூட்ரெக் கட்டளையில் ஃபிக்ஸ்பூட் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கணினியில் எழும்பும் கோப்புகளில் ஒரு குறையும் இல்லை, டிஸ்கே மறைந்திருந்தது. மறைந்த டிஸ்கில் எதைச் சரிசெய்வது? யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) உள்ள கணினிகளில் அந்தக் கட்டளை பல நேரம் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிடும். எழும்பும் கோப்புகள் உண்மையிலேயே கெட்டிருந்தால் டிஸ்க்பார்ட்டில் அவை இருக்கும் 100 எம்பி அளவுள்ள ஃபேட்32 பகுதிக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் புதிதாக எழுதுவதுதான் முறை.

டிஸ்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் செக்டிஸ்க் கட்டளை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாகும் நிலையில் உள்ள ஹார்டு டிஸ்கில் அதை ஆர் சேர்த்து ஓட்டினால் மணிக்கணக்கில் டிஸ்கைக் கசக்கும், பாதியில் மொத்தமாகப் போய்விடலாம். அந்த மாதிரி டிஸ்கை லினக்ஸ் பென்டிரைவில் எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து இன்னொரு டிஸ்குக்கு முழு நகல் எடுத்த பிறகு, நகலில்தான் பழுது பார்க்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

அக்டோபர் 23, இரவு 10.15

ஈப்போவிலிருந்து ஓர் அக்கா: மகளின் மடிக்கணினி ரிப்பேர் மோடுக்குப் போனால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது, அப்படி எதுவும் நாங்கள் வைக்கவில்லையே என்கிறார்.

அக்கா, அது பிட்லாக்கர், டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸின் ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த பல புதிய கணினிகளில் அது தானாகவே போட்டுக்கொள்ளும். எண்ணும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மகளின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்டு ஃபோனிலேயே கணக்குக்குள் போய் சாதனங்கள் பகுதியில் மீட்பு எண்ணைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் அடையாள எண்ணோடு முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு எடுங்கள். பள்ளியோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால் எண் அவர்களிடம் இருக்கும். எண் இல்லாமல் அதை உடைக்க வழியே கிடையாது, உடைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோயில் கணினி கணக்கில்லாமல் உள்ளூர்ப் பயனராக அமைத்தது, அதனால்தான் நோட்பேட் வழி சுலபமாக முடிந்தது. பிட்லாக்கர் இருந்திருந்தால் பயாஸ் மாறியதுமே அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நின்றிருக்கும். தங்கள் கணினியில் எண் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு மாலை 5.30

தங்கள் கணினியில் ரிப்பேர் மோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து ரீஏஜென்ட்சி கட்டளையோடு சாய்கோடு இன்ஃபோ (reagentc /info) போடுங்கள். 'எனேபிள்ட்' என்று வந்தால் இருக்கிறது. 'டிசேபிள்ட்' என்றால் அதே கட்டளையோடு எனேபிள் போடுங்கள். படிமக் கோப்பைக் காணோம் என்று சொன்னால், விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால் படிமத்துக்குள் வின்ஆர்ஈ என்ற கோப்பு இருக்கும், அதை எடுத்து விண்டோஸின் ரெக்கவரி கோப்புறையில் வைத்துவிட்டு எனேபிள் போட வேண்டும்.

2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட் பலருக்கு ஏறாமலே நின்றது நினைவிருக்கலாம். ரிப்பேர் பகுதியில் 250 எம்பி காலியிடம் வேண்டும் என்றது, பலர் கணினியில் அவ்வளவு இடம் இல்லை. அப்போது எரிச்சலில் அந்தப் பகுதியையே அழித்துப் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இன்றைக்கு ரிப்பேர் மோடே கிடையாது, எஃப்8உம் இல்லை. அவர்கள் பென்டிரைவ் ஒன்றை இப்போதே செய்து அலமாரியில் போட்டு வைக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு இரவு 8.00

பேட்டரி மாற்றியாகிவிட்டது, சுவரில் அணைத்து வைத்தும் தேதி ஓடுகிறது என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். படங்கள் ஒரு வெளி டிஸ்கிலும், பிரதி ஒன்று கோலாலம்பூரில் அண்ணன் மகன் வீட்டிலும் இருக்கின்றனவாம். கணக்கையும் மாதாமாதம் அதே போல் எடுத்துவிடுங்கள்.

இனிமேல் இடி நேரத்தில் சுவிட்சை அணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் அணையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள், இணையக் கம்பியையும் சேர்த்து. பேட்டரி சில வெள்ளி, மதர்போர்டு சில நூறு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை பேட்டரியை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும், விஎம்டி அணைத்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள், அடுத்த கமிட்டிக்காரர்கள் யார் வந்தாலும் கண்ணில் படும்.